தேரி மணலில் விடுபட்ட அத்தியாயம்

ஐந்திணையைப் பாடம் நடத்தும்போது, மலையில் வேட்டை, காட்டில் மேய்ச்சல், வயலில் உழவு என்று மனிதன் படிப்படியாக இறங்கி வந்து ஊரமைத்தான் எனச் சொல்வது தமிழாசிரியர் பலரின் வழக்கம். நானும் பல்லாண்டுகள் அப்படியே சொல்லி வந்தேன். சென்ற ஆண்டு தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, "அப்படியானால் எங்கள் நெய்தல் எந்தப் படி ஐயா?" என்று கேட்டாள். விடை சொல்லத் திணறினேன்.

வரலாற்று நூல்கள் புதிய கற்காலத்தை உழவோடும் ஊரோடும் சேர்த்தே பேசுகின்றன. தமிழகத்தில் அதற்குத் தெளிவான சான்று வடக்கே, திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் இருக்கிறது. 1960களில் அங்கு நடந்த அகழாய்வில் தீட்டி வழவழப்பாக்கிய கற்கோடரிகளும், குழிவீடுகளும், கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் வெளிப்பட்டன.

முத்துக்குளித்துறைக் கரையின் கதை வேறு. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம், புத்தன்தருவை முதலிய ஊர்களின் செந்நிறத் தேரிகளில் நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. 1956இல் இவற்றை ஆராய்ந்து எழுதிய சாய்னரும் ஆல்சினும், பழைய கடல்மட்டத்தைக் கொண்டு, ஏறத்தாழ கி.மு. 4000 என்று காலம் கணித்தனர். அதற்கடுத்து நாம் காண்பது ஆதிச்சநல்லூர், சிவகளை ஆகிய ஊர்களின் முதுமக்கள் தாழிகளையே. சிவகளைத் தாழி ஒன்றிலிருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள இரும்போ கி.மு. 3345 வரை பின்செல்வதாக 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை கூறியது. அதுபற்றிய விவாதம் தொடர்கிறது. இவ்விரு கணிப்புகளும் நிலைபெற்றால், நுண்கல்லுக்கும் இரும்புக்கும் இடையே புதிய கற்காலம் என்னும் படிக்கு இங்கே இடமே மிகக் குறைவு.

அந்த இடைவெளியை இல்லாத உழவரைக் கொண்டு நிரப்ப வேண்டியதில்லை. மழைநீரை உள்வாங்கும் தேரி, தன் அடிவாரத் தருவைகளில் நன்னீரைத் தேக்குகிறது. சற்றுத் தொலைவில் மீனும் சிப்பியும் தரும் கடல். உணவும் நீரும் அருகருகே கிடைத்தால், விதைக்காதவனும் ஓரிடத்தில் தங்கலாம். ஜப்பானின் ஜோமோன் மக்கள், நெல் விளைவிப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே மீனையும் காட்டு விளைச்சலையும் நம்பி, மட்பாண்டங்களோடு நிலையான ஊர்களில் வாழ்ந்தனர். தேரி மக்களும் அவ்வாறே வாழ்ந்தனர் என்று நான் துணிந்து சொல்லவில்லை. காற்றில் இடம்பெயரும் மணலில் கருவி தங்கும். குடிசையின் தடம் தங்குவது அரிது. ஆனால் உழவில்லையேல் ஊரில்லை என்பது எல்லாக் கரைக்கும் பொருந்தும் விதியன்று.

தொல்காப்பியர் திணைகளை நிலத்தின் இயல்பாகத்தான் வகுத்தார். காலத்தின் படிகளாக வகுக்கவில்லை. ஏணியை அதில் சார்த்தியவர்கள் பின்வந்த நாம். அம்மாணவிக்கு அடுத்த வகுப்பிலேயே இதைச் சொன்னேன். பழைய வகுப்புகளில் நான் சொன்னதைக் குறித்து வைத்திருப்பவர்களுக்கு இக்கட்டுரை வழியாகச் சொல்லிக்கொள்கிறேன்.