புல் இருந்தது, கிடை இல்லை

இந்தியாவில் ஓர் ஆட்டினத்துக்கு அரசின் அங்கீகாரம் பெற வழி இருக்கிறது. எந்த வட்டாரத்தில் மேய்கிறது, யார் வளர்க்கிறார்கள், அடையாளங்கள் குட்டிகளிலும் தங்குகின்றனவா என்று கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் பார்க்கும். தேறினால் பதிவெண், 2019 முதல் அரசிதழ் அறிவிப்பும் உண்டு. மேச்சேரி, வேம்பூர், நீலகிரி எல்லாம் அந்த ஏட்டில் இருக்கின்றன. இலங்கைச் செம்மறி என்றால் யாழ்ப்பாண ஆடுதான் நினைவுக்கு வரும். மலைநாட்டு ஊவா மாகாணத்தின் பெயரில் ஓரினமும் இல்லை. அங்கே வெலிமடை, பண்டாரவளைப் பக்கமெல்லாம் பத்தனை என்னும் மலைப்புல்வெளி விரிந்து கிடந்தும் இது எப்படி? நில உரிமையின் வரலாற்றில்தான் விடை இருப்பதாக நினைக்கிறேன்.

குளிரும் மழையும் செம்மறிக்கு ஆகாது என்பார்கள். நீலகிரியிலும் அதே குளிர், அதே மழை. அங்கே 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கலந்து புதிய இனமே பிறந்தது. சீமைக் கிடாய் இலங்கைக்கு வரவில்லையா என்றால், வந்தது. ஊவாவுக்கு அடுத்த நுவரெலியாவில் பண்ணை வைத்த சாமுவேல் பேக்கர், 1848இல் சவுத்டவுன், லெஸ்டர், கொட்ஸ்வோல்ட் கிடாய்களைக் கப்பலேற்றினார். மூன்று கிடாய்களால் ஓரினம் உருவாகாது என்பது சரிதான். அவற்றின் குட்டிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துத் தெரிந்தெடுக்க, சொந்த மேய்ச்சலோடு ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்கள் வராமலும் இல்லை. சேலம், திருச்சி, மதுரை, ராமநாதபுரம் என்று செம்மறி மேய்ந்த சீமைகளிலிருந்தே, தோட்ட வேலைக்கு ஆள்சேர்த்த கங்காணியின் பின்னால் கூட்டம் நடந்து வந்தது. ஆனால் 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாகக் கொண்டது. அதில் பெரும்பகுதி தோட்டங்களுக்கு விலைபோயிற்று. கிராமத்தான் மேய்ச்சலை இழந்தான், தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் இருந்தவனுக்கு அது கிடைக்கவேயில்லை. லய அறையான காம்பராவுக்குப் பின்னால் ஒரு மாட்டுப்பட்டி போடலாம். புல்லறுத்துச் சுமந்து வந்து பசுவைக் காக்கலாம். மேய்ந்தே வாழும் செம்மறிக் கிடைக்கு அது போதாது. வேலை போனால் லயமும் போகும் என்ற நிலையில் யார் ஐந்தாறு தலைமுறை ஆட்டைத் திட்டமிடுவார்கள்?

இந்தியாவைப் போல இங்கும் பதிவேடு திறந்தால் எல்லாம் சரியாகும் என்று வாதிடுவோர், நீலகிரி ஆட்டின் பிற்காலத்தைப் பார்க்க வேண்டும். சாண்டிநல்லாவில் அதற்கென ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, பதிவும் இருக்கிறது. புல்வெளியைத் தேயிலையும் யூக்கலிப்டஸும் சீகையும் விழுங்க, கம்பளிக்கும் விலை விழ, மந்தை சுருங்கிவிட்டது. பதிவு பெயரைக் காக்கும், மேய்ச்சலைக் காக்காது. தோட்டக் குடும்பங்களுக்கு 2015க்குப் பின் பேசப்பட்ட காணி 7 பேர்ச்சஸ். வீடும் வாசலும் போக அதில் ஒரு பசுவைக் கட்ட இடம் மிஞ்சினால் பெரிது. ஊவாச் செம்மறி என்று பதிய விரும்புகிறவர், முதலில் பத்தனைக் காணி யார் கையில் இருக்கிறது என்று பதுளைக் கச்சேரியில் விசாரிக்கட்டும்.