அமர்ந்து பாடிய பிளேயர்: ஐபாட் ஸ்பீக்கர் டாக்கின் எழுச்சியும் மறைவும்

ஆப்பிள் நிறுவனம் 2001 அக்டோபரில் வெளியிட்ட முதல் ஐபாடில் ஆயிரம் பாட்டு அடங்கியது. ஆனால் அந்த ஆயிரத்தில் ஒன்றைக்கூட நான்கு பேர் கூடியிருந்து கேட்க முடியாது. ஸ்பீக்கர் இல்லாத அந்தச் சிறு பெட்டிக்கு ஹெட்போன் ஒன்றுதான் வழி. இந்தக் குறையை நிரப்ப வந்ததே ஸ்பீக்கர் டாக். டாக் என்றால் கப்பல் வந்து அணையும் துறை. பிளேயர் அதில் வந்து உட்காரும், உட்கார்ந்தபடி பாடும், பாடும்போதே மின்சாரமும் ஏற்றிக்கொள்ளும். ஐபாடின் புகழால் இந்தக் கருவி வளர்ந்தது என்றும், 2012இல் ஆப்பிள் தன் இணைப்பானை மாற்றியதால் அழிந்தது என்றும் பொதுவாகச் சொல்வார்கள். முதல் பாதி பெரிதும் சரி. இரண்டாம் பாதியை ஏற்பதற்கில்லை. பாட்டு ஒலிக்கும் நேரம் முழுவதும் பிளேயருக்கு வேறு வேலை கிடையாது, ஓரிடத்தில் கிடக்கலாம் என்ற நிலைமையின்மேல்தான் டாக் நின்றது. அந்த நிலைமை 2007இலேயே மாறத் தொடங்கிவிட்டது. இணைப்பான் மாற்றம் அதற்கு ஐந்தாண்டு பிந்தியது.

தொடக்கத்தை 2003 ஏப்ரலில் வைக்க வேண்டும். அந்த மாதம் வந்த மூன்றாம் தலைமுறை ஐபாடின் அடிப்பக்கத்தில் 30 ஊசி இணைப்பான் முதன்முதலாக இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஐபாடுகளில் கம்பி செருகும் துளைகள் மேல்பக்கத்தில் இருந்தன. அப்படி ஒரு பிளேயரை எதன்மீதும் உட்காரவைக்க முடியாது. புதிய ஐபாடின் விலை கூடிய மாடல்களோடு ஆப்பிளே ஒரு சிறு டாக்கைக் கொடுத்தது. அதில் ஸ்பீக்கர் இல்லை, வீட்டு ஸ்டீரியோவுக்குக் கம்பி இழுக்க ஒரு துளை மட்டும் இருந்தது. ஆனாலும் பின்னால் வந்த தொழிலின் கரு அதற்குள் இருந்தது. ஹெட்போன் துளைதான் ஏற்கெனவே இருந்ததே, அதிலிருந்து ஒரு கம்பியை எந்த ஸ்பீக்கருக்கும் இழுத்திருக்கலாமே என்று கேட்கலாம். இழுக்கலாம்தான், இழுத்தவர்களும் உண்டு. ஆனால் ஹெட்போன் துளை வழியே வரும் ஒலி பிளேயரின் சொந்த ஆம்ப்ளிஃபையரையும் வால்யூம் கட்டுப்பாட்டையும் கடந்து வருவது. இரண்டு இடத்தில் வால்யூமைச் சரிசெய்தாக வேண்டும், பேட்டரியும் தீர்ந்துகொண்டே போகும். 30 ஊசிகளில் சில, மாறாத அளவில் நேரடி ஒலியைத் தந்தன. சில மின்சாரத்தை வாங்கின. இன்னும் சில கட்டளைகளைக் கடத்தியதால், அறையின் மறுகோடியிலிருந்து ரிமோட்டை அழுத்தினாலே அடுத்த பாட்டுக்குப் போகலாம். ஒலி, மின்சாரம், கட்டளை மூன்றும் ஒரே இருக்கையில் சேர்ந்தது வெறும் கம்பியால் ஆகாத காரியம்.

இதன்பின் வளர்ச்சி வேகமாக நடந்தது. ஆல்டெக் லான்சிங்கின் இன்மோஷன் மடக்கிப் பையில் வைக்கும் அளவில், சாதாரண பேட்டரிகளில் ஓடியது. 2004இல் 299 டாலர் விலையில் வந்த போஸ் சவுண்ட்டாக் சுவர் மின்சாரத்தை நம்பியது. அதற்குள்ளேயே பேட்டரி வைத்த வடிவம் 2007இல் வந்தது. 2005இல் ஆப்பிள் 'மேட் ஃபார் ஐபாட்' என்ற உரிமத் திட்டத்தை அறிவித்தது. 2006 பிப்ரவரியில் அந்நிறுவனமே 349 டாலருக்கு ஐபாட் ஹை-ஃபையை இறக்கியது. பெரிய டி அளவு பேட்டரி ஆறு போட்டால் கையோடு எடுத்துப்போகலாம் என்பது அதன் பெருமை; ஏறக்குறைய பதினெட்டு மாதத்தில் அதைக் கைவிட்டார்கள். பௌவர்ஸ் அண்ட் வில்கின்ஸின் செப்பலின் 2007இல் 599 டாலருக்கு வந்தது. இவையெல்லாம் பழைய டேப் ரெக்கார்டர் பெட்டிகளின் புது உருவம்தானே என்பாரும் உண்டு. தூக்கிச் செல்வதை மட்டும் பார்த்தால் ஒற்றுமை உண்மைதான். ஆனால் டேப் ரெக்கார்டருக்குள் பாட்டைப் படிக்கும் இயந்திரமும் சேர்ந்தே இருந்தது. ஸ்பீக்கர் டாக்கிலோ பாட்டும் இல்லை, பாட்டைப் படிக்கும் மூளையும் இல்லை. இன்னொரு நிறுவனத்தின் பிளேயர் வந்து உட்காராவிட்டால் அதன் முதன்மை வேலையே நடக்காது. இவ்வளவு பேர் தங்கள் சரக்கின் உயிரைப் பிறர் வடிவமைத்த ஓர் இணைப்பானில் கட்டிவைத்தார்கள் என்பதே இந்த வரலாற்றில் என்னை மிகவும் வியக்கவைக்கும் செய்தி.

2007 ஜூனில் ஐஃபோன் கடைக்கு வந்தது. அதன் அடியிலும் அதே 30 ஊசி இணைப்பான்; ஆகவே டாக்குகளுக்குப் புது வாழ்வு என்று தோன்றியிருக்கும். நடந்தது வேறு. செல்போனின் ரேடியோ அலை ஆம்ப்ளிஃபையருக்குள் புகுந்து, ஸ்பீக்கர் விட்டுவிட்டுக் கரகரத்தது. இந்தத் துணைக்கருவி ஐஃபோனுக்கு உரியதல்ல, ரேடியோவை அணைத்துவிடவா என்று ஃபோனே திரையில் கேட்டது. பழைய டாக்குகள் பல ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறைக்கான ஊசிகள் வழியே 12 வோல்ட் கொடுத்துவந்தன; 2008இல் வந்த ஐஃபோன் 3ஜி யுஎஸ்பியின் 5 வோல்ட்டை மட்டுமே ஏற்றதால், அவற்றில் உட்கார்ந்து பாடியதே தவிரச் சார்ஜ் ஏறவில்லை. இவை பொறியாளர்கள் தீர்க்கக்கூடிய சிக்கல்கள், தீர்த்தும் விட்டார்கள். தீர்க்க முடியாதது ஒன்று இருந்தது. ஃபோன் அழைக்கும். செய்தி வரும். எடுக்கக் கை நீளும். எடுத்த நொடியே பாட்டு நின்றுவிடும். ஐபாட் மணிக்கணக்கில் அசையாமல் இருந்தது, அதை யாரும் தேடவில்லை. ஃபோனை அப்படி விட்டுவைக்க யாராலும் முடியவில்லை.

கம்பியில்லா வழிகளும் இதே ஆண்டுகளில் திறந்தன. 2009இல் ஐஃபோனின் மென்பொருள் ப்ளூடூத் ஸ்டீரியோவை ஏற்றது. 2010 நவம்பரில் ஆப்பிளின் ஏர்பிளேயும், ஜாபோனின் கையடக்க ஜாம்பாக்ஸும் வந்தன. 2012 செப்டம்பரில் ஐஃபோன் 5 லைட்னிங் இணைப்பானோடு வரும்போது, மாற்று இரண்டு ஆண்டுகளாகவே கடைகளில் இருந்தது. லைட்னிங்கின் அடியைக் குறைத்துச் சொல்ல முடியாது. அதன் 8 ஊசிகளில் நேரடி அனலாக் ஒலிக்கு இடமே இல்லை. பழைய டாக்கைக் காப்பாற்ற 29 டாலருக்கு விற்ற அடாப்டருக்குள் ஒலியை மாற்றித்தரும் சில்லு தேவைப்பட்டது. ஆனால் லைட்னிங் மட்டுமே காரணமென்றால், இணைப்பானை மாற்றாத இடங்களில் டாக் பிழைத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஃபோன்களில் மைக்ரோ யுஎஸ்பி மாறாமல் தொடர்ந்தது. 2011இல் பிலிப்ஸ் அவற்றுக்கென ஃபிடெலியோ டாக்குகளை இறக்கியது. துளை ஒவ்வொரு ஃபோனிலும் ஒவ்வோர் இடத்தில் இருந்ததால் நகர்த்தக்கூடிய செருகியை வைத்தது. அந்தச் செருகி சார்ஜுக்கு மட்டுந்தான், ஒலி ப்ளூடூத் வழியே போனது. இருக்கை இருந்தும் பாட்டுக்கு அது தேவைப்படவில்லை. அந்த வகையும் நிலைக்கவில்லை. ஒலித்தரத்தில் ப்ளூடூத் வென்றது என்றும் வாதிட முடியாது: அது ஒலியை மீண்டும் சுருக்கி அனுப்புவது, டாக் சுருக்காமல் வாங்கியது. தரத்தில் மேலான வழிதான் தோற்றது. கையில் ஃபோனை வைத்தபடியே பாட்டை வேறிடத்தில் ஒலிக்கவிடும் வசதிக்கு முன்னால் அந்த மேன்மை எடுபடவில்லை.

ஐபாட் கிளாசிக் 2014இலும், கடைசி ஐபாடான டச் 2022 மே மாதத்திலும் விற்பனையை விட்டு நீங்கின. 2015இன் செப்பலினில் இருக்கையே கிடையாது. பழைய டாக்குகளின் ஸ்பீக்கர்கள் பழுதாகாததால், அவற்றை வைத்திருப்பவர்களுக்கென்றே 30 ஊசி கொண்ட சிறு ப்ளூடூத் ரிசீவர்கள் விற்பனைக்கு வந்தன. ஐபாட் உட்கார்ந்த இடத்தில் அதைச் செருகினால், சார்ஜ் ஏற்றும் ஊசிகளிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு, நேரடி ஒலிக்கான ஊசிகளில் பாட்டை ஊட்டுகிறது. டாக் தன் இருக்கையில் ஐபாட் இருப்பதாகவே எண்ணிப் பாடுகிறது. பாட்டை அனுப்பும் ஃபோனோ யாருடைய சட்டைப்பையிலோ, வேறோர் அறையில்.