ஃபீஸ் இல்லை, ஆனால் இலவசமும் இல்லை: ராணுவ டாக்டர் ஆவது எப்படி?

நீட் ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது: "ஆர்மி காலேஜ்ல சேர்ந்தா எம்பிபிஎஸ் ஃப்ரீயாமே?" உண்மைதான், ஃபீஸ் கிடையாது. ஆனால் பணத்துக்குப் பதிலாக நீங்கள் கொடுப்பது உங்கள் வருடங்களை. எத்தனை வருடம், என்ன நிபந்தனை என்பது நீங்கள் எந்த வழியில் உள்ளே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ராணுவ டாக்டர்கள் யாருக்குக் கீழ் வருகிறார்கள்?

தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் பொதுவாக 'ஆயுதப்படை மருத்துவ சேவைகள்' என்ற அமைப்பு இருக்கிறது. 2024 அக்டோபரில் இதன் தலைமை இயக்குநரான ஆர்த்தி சரின், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். இந்த அமைப்பில் டாக்டராகச் சேர இரண்டு முக்கிய வழிகள் உண்டு.

வழி 1: பிளஸ் டூ முடித்த கையோடு

புனேவில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி 1948-ல் தொடங்கப்பட்டது. 1962-ல் இருந்து இங்கே எம்பிபிஎஸ் படிப்பு நடக்கிறது. ஆண்டுக்கு 145 இந்திய மாணவர்கள் சேரலாம்: ஆண்கள் 115, பெண்கள் 30. நட்பு நாட்டு மாணவர்களுக்குத் தனியாக 5 இடங்கள்.

நீட் மார்க் மட்டும் போதாது. மத்திய மருத்துவ கலந்தாய்வுக் குழுவின் தளத்தில் இந்தக் கல்லூரியைத் தேர்வு செய்து பதிய வேண்டும். அதிலிருந்து பட்டியலிடப்படுபவர்களுக்கு ஆங்கிலம் மற்றும் தர்க்கத் தேர்வு, உளவியல் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று அடுத்தடுத்து இருக்கும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது.

என்ன கொடுக்க வேண்டும்?

படித்து முடித்ததும் ராணுவத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். பாதிப் பேருக்கு நிரந்தர கமிஷன், மீதிப் பேருக்கு 7 ஆண்டு குறுகிய கால கமிஷன். எது என்பதை உங்கள் விருப்பத்தோடு உங்கள் ரேங்க்கும் சேர்ந்துதான் முடிவு செய்யும். '7 வருஷத்துல வெளியே வந்துடலாம்' என்று கணக்குப் போட்டுச் சேர்ந்தால், அது கிடைக்காமலும் போகலாம்.

படிப்பை இடையில் விட்டாலோ, முடித்த பிறகு சேர மறுத்தாலோ பாண்ட் தொகை கட்ட வேண்டும். அது இப்போது அரை கோடி ரூபாய்க்கும் மேல்.

வழி 2: வெளியே எம்பிபிஎஸ் முடித்த பிறகு

எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும், இன்டர்ன்ஷிப் முடித்து, நீட் பிஜி எழுதியிருந்தால் குறுகிய கால கமிஷனுக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு எம்பிபிஎஸ்-க்கு 30, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 35. பணிக்காலம் முதலில் 5 ஆண்டு. நீட்டிப்புகளோடு சேர்த்து அதிகபட்சம் 14 ஆண்டு.

ஆனால் இந்தக் கதவு எல்லா வருஷமும் ஒரே அளவில் திறப்பதில்லை. 2024 அறிவிப்பில் 450 இடங்கள் (ஆண்கள் 338, பெண்கள் 112). 2025-ல் அது 225 ஆக, சரிபாதியாகக் குறைந்தது. இரண்டு ஆண்டுகளிலும் பெண்களுக்கு நான்கில் ஒரு பங்குதான். புனே கல்லூரியில் அதைவிடக் குறைவு: சுமார் 21%.

சம்பளம்?

சேரும்போதே கேப்டன் ரேங்க். அடிப்படைச் சம்பளம் 61,300 ரூபாய், ராணுவ சேவைப் படி 15,500, தனியாக பிராக்டிஸ் செய்யாததற்கான படி 20%, அதாவது 12,260. மொத்தம் 89,060 ரூபாய். அகவிலைப்படி தனி.

அப்போ சிக்கல் எங்கே?

பென்ஷனில். ராணுவ அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் கிடைக்க பொதுவாக 20 ஆண்டு சர்வீஸ் வேண்டும். குறுகிய கால கமிஷனின் உச்சவரம்பே 14 ஆண்டுதான். 26 வயதில் சேர்ந்தால் 40 வயதில் பணிக்கொடையோடு வெளியே வருவீர்கள். மாதாமாதம் பென்ஷன் வராது. நடுவில் துறைரீதியான தேர்வில் வென்று நிரந்தர கமிஷனுக்கு மாறலாம், ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை.

கையெழுத்துப் போடும் முன்...

17 வயதுப் பிள்ளைக்கு 'ஃபீஸ் இல்லை' என்பது மட்டுமே காரணமாக இருந்தால் யோசியுங்கள். முழு வாழ்க்கையும் ராணுவத்தில் என்றாலும் ஓகே என்பவர்களுக்குப் புனே நல்ல வழி. சில வருஷம் பார்க்கலாம் என்பவர்களுக்கு இரண்டாவது வழி பொருந்தும். 40 வயதுக்குப் பிறகு என்ன என்ற திட்டமும் கையில் இருக்கட்டும். இடங்கள், பாண்ட் தொகை இரண்டும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுசாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.