பொறுப்பும் கணக்கும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூரைச் சார்ந்த மானாம்பதி போன்ற ஊர்களின் கடைத்தெருவில் சிறு வணிகர் ஒருவரின் நாள் எப்படிக் கழிகிறது என்று எண்ணிப் பாருங்கள். கடையைத் திறப்பவரும் அவர்தாம். சரக்கு வாங்கி வருபவரும் அவர்தாம். தராசு பிடிப்பவரும், கல்லாவில் அமர்பவரும், இரவில் பேரேடு எழுதுபவரும் அவரேதாம். கடையில் இரண்டு ஆட்கள் இருப்பார்கள். ஆனால் அவர்களிடம் வேலை இருக்குமேயன்றிப் பொறுப்பு இராது. முதலாளி நோயுற்றால் கடை அடைக்கப்படும். அவர் மறைந்தால் கடையே மறைந்து போகும்.

ஏன் இந்த நிலை? பிறரை நம்பிக் கெட்டுவிடுவோமோ என்னும் அச்சமே காரணம். அச்சம் பொய்யானதன்று. நம்பி ஒப்படைத்து நொடித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அவர்களுள் பலர் கெட்டது நம்பியதால் அன்று. ஒப்படைக்கும் முறை அறியாமல் ஒப்படைத்ததால்தான். அந்த முறையைக் கற்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உத்திரமேரூரில் அதனைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் செய்த ஏற்பாடுகளே அவை. குடவோலை முறை என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். தேர்தல் முறை என்ற அளவிலேயே நாம் அதைப் போற்றி நின்றுவிடுகிறோம். உண்மையில் அது வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் முறையுமாகும்.

சபை பெரிது. பெரிய சபை ஏரியில் தூர் வாராது. பொன்னை உரைத்துப் பாராது. ஆகவே வேலைகள் பிரிக்கப்பட்டன. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர், பொன் வாரியத்துக்கு அறுவர், பஞ்சவார வாரியத்துக்கு அறுவர் என வகுத்தனர். ஏரிக்கு உரியவர் ஏரியைக் காக்க வேண்டும். பொன்னுக்கு உரியவர் பொன்னைக் காக்க வேண்டும். இது யாருடைய வேலை என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. நம் கடைகளிலோ எல்லா வேலையும் எல்லாருடைய வேலை. அதனால் தவறு நேர்ந்தால் அது எவருடைய தவறும் அன்று!

அடுத்தது தகுதி. 919ஆம் ஆண்டின் ஏற்பாட்டில் முப்பது வயதுக்கு மேல் அறுபதுக்கு உட்பட்டவர் என்றிருந்ததை, 921இல் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்டவர் என்று திருத்தினர். கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, கல்வி, தூய வழியில் ஈட்டிய பொருள் ஆகியன வேண்டும். இரண்டே ஆண்டுகளில் விதியைத் திருத்திக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்படைக்கும் முறை ஒரே நாளில் செம்மையாகி விடுவதில்லை. செய்து பார்த்துத் திருத்துவதே அறிவுடைமை.

இதைவிட நுட்பமான விதி ஒன்றுண்டு. முப்பது குடும்புகளிலிருந்தும் ஆளுக்கொருவராய் முப்பது பேர் குடவோலையால் வந்த பின், அவர்களுள் முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து பழகியவர்களையும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களையுமே சம்வத்சர வாரியத்துக்கு எடுத்தனர். சிறு பொறுப்பில் தேறியவனுக்கே பெரும் பொறுப்பு. நேற்று வந்தவனிடம் சாவிக்கொத்தைத் தூக்கிக் கொடுப்பதும் தவறு. பத்தாண்டு உழைத்தவனைத் தராசின் முன்னாலேயே நிறுத்தி வைப்பதும் தவறு.

காலவரையும் உண்டு. முந்நூற்று அறுபது நாள் முடிந்ததும் பொறுப்பிலிருந்து விலக வேண்டும். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. இடையில் குற்றம் கண்டால் அப்பொழுதே நீக்கப்படுவார். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கோ மறுபடி இடமே இல்லை. அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் இல்லை. கணக்கு எழுதுவோனைப் பற்றிய விதி இன்னும் கடுமையானது. தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து ஒப்புவிக்க வேண்டும். அவனுக்காக வேறொருவன் புகுந்து கணக்கை முடிக்கலாகாது. கணக்குச் சுத்தம் என்று ஏற்கப்படும் வரையில் அவன் மீண்டும் அப்பணிக்கு வரவும் இயலாது.

இவ்விதிகள் கல்லில் ஏறிய நாளில் பக்தாதில் அப்பாசியக் கலீஃபா அல்முக்ததிர் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். அங்கும் நிலவரிக்கு ஒரு திவான், செலவுக்கு ஒரு திவான், படைக்கு ஒரு திவான், அஞ்சலுக்கு ஒரு திவான் என வேலைகள் பிரிக்கப்பட்டிருந்தன. அவற்றின் கணக்கைச் சரிபார்க்கும் ஸிமாம் என்னும் முறையைக் கலீஃபா அல்மஹ்தி (775–785) காலத்திலேயே ஏற்படுத்தியிருந்தனர். செய்பவன் ஒருவன், சரிபார்ப்பவன் வேறொருவன். ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊர்களில் ஒரே உண்மை விளங்கியிருக்கிறது.

அந்த உண்மையின் வேர் நமக்குப் புதியதன்று. பொறுப்பு என்பது அமானிதம். அமானிதங்களை அவற்றுக்குரியோரிடம் சேர்க்குமாறு திருக்குர்ஆன் பணிக்கிறது. மூஸா நபியைப் பணிக்கு அமர்த்திக்கொள்ளுமாறு தந்தையிடம் கூறிய பெண், வலிமை, நம்பகம் என்னும் இரண்டு பண்புகளையே எடுத்துச் சொன்னார். இரண்டும் வேண்டும். நல்லவனாயினும் வேலை தெரியாதவன் கடையைக் கெடுப்பான். வேலை தெரிந்தும் நாணயமற்றவன் முதலாளியையே கெடுப்பான்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, முதலில் எதனைச் சொல்ல வேண்டும், ஏற்றால் அடுத்து எதனைச் சொல்ல வேண்டும் என வரிசைப்படுத்தினார்கள். ஜகாத் பெறும்போது மக்களின் பொருள்களுள் சிறந்தவற்றையே பொறுக்கி எடுத்துவிடலாகாது என்றும் எச்சரித்தார்கள். செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் ஒருங்கே தெளிவாயின. ஜகாத் திரட்டி வந்த ஒருவர், இது உங்களுடையது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தபோது, தாய் தந்தையர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று பெருமானார் (ஸல்) கேட்டார்கள். கொள்முதலுக்குச் சென்ற ஆள் மொத்த வியாபாரியிடம் பெறும் கையுறைக்கும் இந்தக் கேள்வி பொருந்தாதா?

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) மூத்தாவுக்குப் படை புறப்பட்டது. ஸைத் (ரலி) தலைவர். அவர் வீழ்ந்தால் ஜஅஃபர் (ரலி). அவரும் வீழ்ந்தால் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) என்று முன்கூட்டியே பெயர் குறிக்கப்பட்டது. மூவரும் ஷஹீதானார்கள், ஆயினும் படை சிதறவில்லை. காலித் (ரலி) தலைமை ஏற்று அதனை மீட்டு வந்தார்கள். தனக்குப் பின் யார் என்று நம் வணிகர்களுள் எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறார்கள்?

இன்னுமொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உத்திரமேரூர்ச் சபை அந்தணச் சபை. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. தகுதி பார்ப்பது வேறு, பிறப்பையும் உடைமையையும் தகுதியாக்குவது வேறு. மூத்தாவின் முதல் தலைவரான ஸைத் (ரலி) அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். அவர் மகன் உஸாமா (ரலி) இளைஞராயிருந்தபோதே படைத்தலைவராக்கப்பட்டார். சிலர் குறை கூறியபோது, அவர் தகுதியுடையவரே என்று அண்ணலார் (ஸல்) உறுதிபடக் கூறினார்கள். கடையில் தண்ணீர் எடுத்து வைக்கும் சிறுவனிடமும் ஒரு கணக்கர் ஒளிந்திருக்கலாம். பார்க்கும் கண் வேண்டும்.

குடவோலை முறை முழுவதையும் கடைக்குள் கொண்டுவர முடியாது. சபைக்கு உரியவர் பலர். கடைக்கு உரியவர் ஒருவர். அங்கே ஓரவஞ்சனையைத் தவிர்க்கச் சிறுவன் கையால் ஓலை எடுத்தார்கள். இங்கே முதலாளியே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே ஓரவஞ்சனையைத் தம் மனத்திலிருந்து அவரே எடுத்தெறிய வேண்டும். மைத்துனர் என்பதற்காகக் கல்லாவைக் கொடுப்பதும், அயலார் என்பதற்காக மறுப்பதும் ஒரே நோயின் இரு முகங்கள்.

கணக்குக் கேட்பதிலும் ஓர் அறம் உண்டு. நம் முன்னோர் கப்பல் வாணிகத்தில் கையாண்ட முளாரபா முறையில் ஒருவர் முதல் இடுவார், மற்றவர் உழைப்பார். இலாபத்தைப் பேசியபடி பங்கிடுவர். ஆனால் உழைத்தவரின் கவனக்குறைவோ வரம்பு மீறலோ இன்றி நட்டம் நேர்ந்தால், பொருள் நட்டம் முதலிட்டவரையே சாரும். உழைத்தவருக்கு உழைப்பு வீணாகும். நேர்மையாக நேர்ந்த பிழைக்குச் சம்பளத்தைப் பிடிக்கும் முதலாளியிடம் எவரும் பொறுப்பேற்க முன்வர மாட்டார். தவறுகளை மறைக்கவே கற்றுக்கொள்வார்.

உத்திரமேரூரில் ஓலையைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்றொரு விதி. கையில் எதுவும் ஒளிந்திருக்கலாகாது. பொறுப்பைப் பெறுபவனுக்கு அது விதி. கொடுப்பவனுக்கும் அதுவே விதியாக வேண்டும். கொடுத்துவிட்டு விரலை மடக்கிப் பாதியைப் பிடித்துக்கொள்ளும் முதலாளி எதையும் கொடுத்தவராகார். விரித்த கையால் கொடுப்போம். குறித்த நாளில் கணக்குக் கேட்போம். நாமும் ஒரு நாள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்களே அல்லவா?