மேசைமேல் எண்ணப்பட்ட மீதி

பிரித்தானியக் குடும்பங்கள் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் பணம் செலுத்திவந்த முறைக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதில் ஒரே ஒரு இழையை மட்டும் இங்கே பின்தொடர விரும்புகிறோம். வீட்டார் தேவைக்கு மேல் செலுத்திய பணம் எங்கே இருந்தது, அது யாருடையதாகக் கருதப்பட்டது, எவ்வாறு அவர்களிடம் திரும்பி வந்தது என்பதே அந்த இழை. கணக்கர்களின் விவகாரம்போலத் தோன்றினாலும், ஏழைக்கும் நிறுவனத்துக்கும் இடையே யார் யாரை நம்ப வேண்டியிருந்தது என்னும் கேள்வி இதற்குள் தொடக்கம் முதலே இருந்துவருகிறது.

லண்டனில் 1812இல் அரச பட்டயம் பெற்ற 'கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி'யிலிருந்து இக்கதையைத் தொடங்கலாம். நிலக்கரியைக் காற்றுப்புகாத கலங்களிலிட்டுச் சூடாக்கி, அதிலிருந்து கிடைத்த வாயுவைத் தெருவுக்கடியில் பதித்த குழாய்களின் வழியே அனுப்பினார்கள். அளக்கும் கருவி அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. எத்தனை விளக்குகள், இரவு எத்தனை மணிவரை எரியும் என்று ஓர் ஒப்பந்தம். அதற்கேற்ப வாடகைபோல ஒரு தொகை. ஒப்பந்த நேரத்துக்குப் பிறகும் எவர் வீட்டிலாவது விளக்கு எரிகிறதா என்று நிறுவனத்தின் ஆட்கள் தெருவில் நடந்து பார்த்துச் செல்வார்கள். சாமுவேல் கிளெக் 1815இல் எரிவாயு மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். மீட்டர்களைச் சோதித்து முத்திரையிடுவதற்கான சட்டம் வர 1859 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மீட்டரின் வருகையால் வீட்டார் தாம் பயன்படுத்திய அளவுக்கு, பயன்படுத்திய பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் செலுத்தும் முறை நிலைபெற்றது. அதாவது, நிறுவனம் வீட்டாருக்குக் கடன் கொடுத்தது.

அந்தக் கடன் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. வாரக்கூலி பெறும் தொழிலாளி மூன்று மாதக் கட்டணத்தைச் சேர்த்துவைத்துக் கட்டுவான் என்று நிறுவனங்கள் நம்பவில்லை. அவன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கும் நிலக்கரி அடுப்புமே இருந்தன. 1880களில் மின்விளக்கு போட்டியாக வந்து நின்றபோதுதான் எரிவாயு நிறுவனங்கள் தொழிலாளர் குடியிருப்புகளின் பக்கம் திரும்பின. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் உருவான, காசு போட்டால் வாயு தரும் மீட்டர் அவர்களுக்கு வழி திறந்தது. துளையில் ஒரு பென்னியைப் போட்டுத் திருகினால் அதற்குரிய அளவு வாயு வரும். தீர்ந்தால் விளக்கு மங்கி அணையும். தென்லண்டனில் ஜார்ஜ் லிவ்சியின் தலைமையில் இயங்கிய சௌத் மெட்ரோபாலிடன் நிறுவனம் 1892 முதல் இவற்றைப் பொருத்தத் தொடங்கியது. மீட்டர், குழாய், விளக்கு, அடுப்பு எதற்கும் தனியே பணம் கேட்கவில்லை. முதல் உலகப் போருக்கு முன்பே நாடெங்கும் இலட்சக்கணக்கான எளிய வீடுகளில் காசு மீட்டர்கள் இடம்பெற்றுவிட்டன.

இலவச அடுப்பின் விலையை யாராவது கொடுத்தாக வேண்டும். காசு மீட்டர் வழியாக விற்ற வாயுவின் விலை, மூன்று மாதக் கணக்கு வைத்திருந்த வசதியானவர் கொடுத்த விலையைவிட அதிகம். இதற்குமேல் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு பென்னிக்கு எவ்வளவு வாயு என்பதை மீட்டருக்குள் இருந்த பற்சக்கரங்கள் தீர்மானித்தன. வாயுவின் விலை மாறும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஆளனுப்பிச் சக்கரத்தை மாற்றுவது இயலாத காரியம். ஆகவே மீட்டரைச் சற்று உயர்ந்த விலைக்கே அமைத்துவிட்டு, பெட்டியைத் திறக்கும்போது உண்மையான விலையைக் கணக்கிட்டு, கூடுதலாக விழுந்த காசைத் திருப்பித் தந்தார்கள். 'ரிபேட்' என்பது இதற்கு மக்கள் வழங்கிய பெயர்.

பெட்டியைத் திறக்க நிறுவனத்தின் ஆள் வருவார். செப்புக் காசுகள் சமையலறை மேசையின்மேல் கொட்டப்படும். பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற பழைய கணக்கில் அவற்றை அடுக்கடுக்காக நிறுத்தி எண்ணுவார். வீட்டுப் பெண்மணி எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மீட்டர் காட்டும் அளவையும் மேசைமேல் உள்ள காசையும் ஒப்பிட்டு, நிறுவனத்தின் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை அங்கேயே ஒதுக்கித் தள்ளுவார். செல்லாத அயல்நாட்டுக் காசோ, காசின் வடிவில் வெட்டிய தகரமோ அகப்பட்டால் அது அந்த மீதியில் கழியும். அக்காலத்துத் தொழிலாளர் குடும்ப நினைவுகளில் இந்த ரிபேட் திரும்பத் திரும்ப வருகிறது. குழந்தைக்குக் காலணி, பண்டிகைக்கு இறைச்சி, அடகில் கிடக்கும் பொருளை மீட்கச் சில்லறை என்று அது பயன்பட்டது. வேறு எங்கும் சேமிக்க இயலாத வீட்டில், அறியாமல் சேர்ந்த சேமிப்பு அது.

இக்காட்சியின் இதத்தில் நாம் மயங்கிவிடலாகாது. கையில் வந்தது நன்கொடைபோல வந்தது. உண்மையில் அது அவர்களே முன்கூட்டிக் கொடுத்த பணம், வட்டியின்றித் திரும்பியது. எளியவர் முன்பணம் கட்டினார்; வசதியுள்ளவர் கடனில் எரித்தார். ராபர்ட் டிரெசெல் என்ற புனைபெயரில் எழுதிய ஓவியப்பூச்சுத் தொழிலாளி ராபர்ட் நூனன் 1911இல் இறந்தார். அவருடைய ஒரே நாவலான 'த ரேக்ட் டிரவுசர்ட் ஃபிலான்த்ரபிஸ்ட்ஸ்' 1914இல் வெளிவந்தது. எரிவாயுத் தொட்டிகளைப்போலப் பெருந்தொட்டிகள் கட்டிக் காற்றை அடைத்துவைக்க முடிந்திருந்தால், அதையும் நமக்கு விலைக்கு விற்றிருப்பார்கள் என்று அதில் ஓவன் என்னும் பாத்திரம் தன் சகதொழிலாளர்களிடம் வாதிடுகிறான். இந்த உவமை அவனுக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும் என்பதை, காசு மீட்டரின் வரலாற்றை அறிந்தபின் எளிதில் ஊகிக்கலாம்.

ஆயினும் அம்முறையில் ஒரு நேர்மை இருந்தது. மீதி கண்ணுக்குத் தெரிந்தது. பணம் வீட்டுக்குள்ளேயே, படிக்கட்டுக்கடியில் ஓர் இரும்புப் பெட்டியில் கிடந்தது. எண்ணும்போது இருதரப்பும் எதிரெதிரே இருந்தன. கேட்டு வாங்க வேண்டிய தேவை எழவில்லை.

மின்துறை 1948 ஏப்ரலிலும் எரிவாயுத் துறை 1949 மே மாதத்திலும் நாட்டுடைமையாயின. வட்டார வாரியங்கள் உருவாயின. காசு மீட்டர்கள் தொடர்ந்தன. 1971 பிப்ரவரியில் பதின்ம நாணய முறை வந்தபோது துளைகளை மாற்ற வேண்டியதாயிற்று. பிறகு சாவிகளும் அட்டைகளும் காசின் இடத்தைப் பிடித்தன. மறுபக்கம், 1960களில் தோன்றிய டைரக்ட் டெபிட் முறை வீட்டுக் கட்டணங்களுக்கும் பரவியது. வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து நிறுவனமே மாதந்தோறும் தொகையை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

இதன் தர்க்கத்தை ஒருகணம் பார்ப்போம். அந்நாட்டில் வீட்டைச் சூடேற்றும் செலவு குளிர்காலத்தில்தான் மிகுதி. ஆண்டு முழுவதுக்குமான செலவைக் கணித்துப் பன்னிரண்டாகப் பகிர்ந்தால் சனவரிக் கட்டணம் குடும்பத்தை அழுத்தாது. கோடையில் கணக்கில் இருப்பு ஏறும், குளிரில் கரையும். எனவே இலையுதிர்காலத்தில் சிறிது மீதி இருப்பது இயல்பே. சிக்கல் கணிப்பில் இருக்கிறது. மீட்டரை எவரும் படிக்காமல் ஊகத்தில் கணக்கிட்டால், அல்லது வேண்டுமென்றே சற்று மிகையாகக் கணித்தால், வசந்தகாலத்திலும் கரையாத இருப்பு ஒன்று நிறுவனத்திடம் தங்கிவிடும். அதைக் கொட்டி எண்ணுவதற்கு மேசை கிடையாது.

1986இல் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனமும், 1990இல் மின்விநியோக நிறுவனங்களும் தனியார்மயமாயின. 1990களின் இறுதிக்குள் எந்த வீடும் தன் விநியோக நிறுவனத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்றாயிற்று. ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெம் 1999இல் உருவானது. நிறுவனம் மாறியவர்களும் வீடு மாறியவர்களும் பழைய கணக்கில் பணத்தை விட்டுச்சென்றனர். முந்தைய ஆறாண்டுகளில் மூடப்பட்ட வீட்டு, வணிகக் கணக்குகளில் 40 கோடி பவுண்டுக்கு மேல் நிறுவனங்களிடமே தங்கியிருந்ததை 2014இல் ஆஃப்ஜெம் சுட்டிக்காட்டி, உரியவரிடம் சேர்க்குமாறு கூறியது. நடப்புக் கணக்குகளின் நிலையும் வேறல்ல. 2018 அக்டோபரில் தேவைக்கு மேல் தேங்கியிருந்த தொகை ஏறத்தாழ 140 கோடி பவுண்டு, வீட்டுக்குச் சராசரியாக 65 பவுண்டு என்று அதே அமைப்பு 2021இல் மதிப்பிட்டது.

ஆகவே, முன்பு மேசைமேல் தானாக நிகழ்ந்ததை விதியாக எழுத வேண்டியதாயிற்று. விநியோக உரிமத்தின் 27ஆம் நிபந்தனையின்படி, மாதத்தொகையைக் கிடைக்கும் தகவல்களில் மிகச் சிறந்ததும் அண்மையதுமானதைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் இருப்பைத் தாமதமின்றித் திருப்பித் தர வேண்டும். மறுப்பதாயின் அது எல்லாச் சூழ்நிலைகளிலும் நியாயமானதாக இருக்க வேண்டும். நிறுவனம் மாறுகிறவருக்கு ஆறு வாரத்துக்குள் இறுதிக் கணக்கும், அதிலிருந்து பத்து வேலைநாளுக்குள் மீதியும் வந்துசேர வேண்டும். தவறினால் 30 பவுண்டு இழப்பீடு என்பது 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்து, 2025இல் 40 பவுண்டாக உயர்ந்தது. எட்டு வாரத்தில் தீராத முறையீட்டை எரிசக்திக் குறைதீர்ப்பாளரிடம் கொண்டுசெல்லலாம்.

இவ்விதிகளுக்குள் 'கேட்டால்' என்ற ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. மீட்டரைத் தானே படித்து, அந்த எண்ணைக் கொடுத்து, கணக்கைத் திருத்தச் செய்து, பிறகு கேட்பவருக்கே மீதி எளிதில் கிடைக்கிறது. முதியவரும், மொழி அறியாப் புதியவரும், தனக்கு இருப்பு உண்டு என்பதையே அறியாதவரும் கேட்பதில்லை. காசுப்பெட்டியைத் திறக்க வந்த ஆள், எதிரே இருப்பவர் கேட்கத் தெரிந்தவரா என்று பார்க்கவில்லை.

கேளாத பணம் என்ன ஆயிற்று என்பதை 2021 காட்டியது. 2018 அளவில் வீடுகளுக்கு விநியோகிக்கும் நிறுவனங்கள் எழுபதை எட்டியிருந்தன. அவற்றுள் பல, போதிய மூலதனமின்றித் தொடங்கி, வாடிக்கையாளரின் மாதத்தொகைகளில் தேங்கிய இருப்பையே நடைமுறை மூலதனமாகக் கொண்டு வளர்ந்தவை. 2021இன் பிற்பாதியில் மொத்தச் சந்தையில் எரிவாயு விலை பன்மடங்கு ஏறியது. வீடுகளுக்கு விற்கும் விலைக்கோ 2019 முதல் உச்சவரம்பு இருந்தது. நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்டிருந்த பல்ப் நிறுவனம் நவம்பரில் சிறப்பு நிர்வாகத்தின் கீழ் வந்தது.

திவால் சட்டத்தின் பார்வையில், கணக்கில் இருப்பு வைத்திருக்கும் வீட்டார் பிணையில்லாக் கடன் கொடுத்தவர். தாம் கடன் கொடுத்திருக்கிறோம் என்பதையே அவர்களில் பெரும்பாலோர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆஃப்ஜெமின் பாதுகாப்பு ஏற்பாட்டால் அவர்கள் பணம் போகவில்லை. வேறொரு நிறுவனம் அவர்களை இருப்புடன் ஏற்றுக்கொண்டது. அந்தச் செலவு எல்லா வீடுகளின் கட்டணத்திலும் ஏற்றப்பட்டது. 28 நிறுவனங்களின் வீழ்ச்சியால் வாடிக்கையாளர்மேல் விழுந்த சுமை ஏறத்தாழ 270 கோடி பவுண்டு, வீட்டுக்கு 94 பவுண்டு என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2022இல் கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி, புதிதாக வந்தவர்களுக்கு உயர்ந்த விலையில் எரிபொருள் வாங்கிய செலவு. இருப்புத் தொகைகளை ஈடுசெய்ததும் அதில் அடக்கம். ஒருவர் முன்கூட்டிச் செலுத்தி இழந்ததை, காசு காசாகப் போடும் ஏழையும் சேர்ந்து நிரப்பினார்.

இதன்பின், வாடிக்கையாளர் இருப்பைத் தொடமுடியாதபடி தனியே ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற யோசனையை ஆஃப்ஜெம் 2022இல் முன்வைத்தது. பிறர் பணத்தில் வணிகம் நடத்துவதை அது நிறுத்தும் என்றனர் ஆதரித்தோர். மாற்று மூலதனத்துக்கான வட்டியும் கட்டணத்தில்தான் ஏறும் என்றனர் எதிர்த்தோர். 2023இல் எல்லா நிறுவனங்களுக்குமான கட்டாயமாக அது வரவில்லை. நிறுவனங்கள் குறிப்பிட்ட அளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்பதும், தேவையெனத் தோன்றினால் ஒரு நிறுவனத்தை இருப்பைத் தனியே ஒதுக்குமாறு பணிக்கலாம் என்பதும் முடிவாயின. ஒவ்வோர் ஆண்டும் மீதியைத் தானாகவே திருப்பிவிட வேண்டும் என்று 2021இல் எழுந்த யோசனையும் சட்டமாகவில்லை. நமக்கு அதுவே மேசைமேல் எண்ணும் பழைய வழக்கத்துக்கு மிக அருகில் வந்த யோசனையாகத் தோன்றுகிறது.

முன்பணம் கட்டுவோர் மாதாமாதம் வங்கிவழி கட்டுவோரைவிடக் கூடுதல் விலை கொடுத்துவந்த நிலை 2023 ஜூலையில்தான் அரசின் தலையீட்டால் நீங்கியது. லிவ்சியின் நிறுவனம் தென்லண்டன் வீடுகளில் பென்னி மீட்டரைப் பொருத்தத் தொடங்கி அப்போது 131 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மீதியைத் திருப்பித் தருவதற்கு ஒரு காலத்தில் காசு எண்ணத் தெரிந்த ஒருவரும் ஒரு மேசையும் போதுமாயிருந்தன. இன்று பல வீடுகளில் மீட்டர் தன் அளவைத் தானே அனுப்பிவிடுகிறது. அத்தகைய வீட்டின் மீதி எவ்வளவு என்பதை நிறுவனம் எளிதில் அறியலாம். அறியும் ஆற்றல் இவ்வளவு பெருகிய பிறகும் கேட்கும் பொறுப்பு வீட்டாரிடமே விடப்பட்டிருக்கிறது.