பத்து டாலருக்குப் போன திரைக்கதை

1939 ஆகஸ்டில் பாரமவுன்ட் ஸ்டூடியோ ஒரு முழுத் திரைக்கதையைப் பத்து டாலருக்கு வாங்கியது. எழுதியவர் பிரஸ்டன் ஸ்டர்ஜஸ். அந்தக் கம்பெனியிலேயே வாரத்துக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நகைச்சுவை எழுத்தாளர் அவர். கைமுடையால் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடவில்லை. பத்து டாலரோடு ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார்: படத்தை நான்தான் இயக்குவேன்.

அந்தப் பிரதிக்கு அப்போது ஆறு வயது.

ஸ்டர்ஜஸ் 1898இல் சிகாகோவில் பிறந்தவர். தாயார் மேரி டெஸ்டி, நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் உயிர்த்தோழி; பாரிஸுக்கும் அமெரிக்காவுக்குமாகப் பிள்ளையை இழுத்துக்கொண்டே அலைந்தவர். வளர்ப்புத் தந்தை சிகாகோவில் பங்குத் தரகர். வாலிபத்தில் ஸ்டர்ஜஸ் தாயாரின் அழகுசாதனக் கம்பெனியில் இருந்தார். முத்தமிட்டாலும் ஒட்டாத உதட்டுச்சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். முப்பதை நெருங்கிய பிறகுதான் பேனா பிடித்தார். 1929இல் அரங்கேறிய 'ஸ்ட்ரிக்ட்லி டிஸானரபிள்' நாடகம் பிராட்வேயில் 557 காட்சிகள் ஓடியது. ஹாலிவுட் அழைத்தது.

அங்கே எழுத்தாளர் என்பவர் கூலியாள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவார், மூன்றாமவர் வசனம் மாற்றுவார், நாலாமவர் சிரிப்பைச் சேர்ப்பார். கடைசியில் எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது. ஸ்டர்ஜஸுக்கு இது பிடிக்கவில்லை. யாரும் கேட்காமலேயே 'தி பவர் அண்ட் தி குளோரி' என்ற திரைக்கதையைத் தனியாளாக எழுதி முடித்துத் தயாரிப்பாளர் ஜெஸ்ஸி லாஸ்கியிடம் கொடுத்தார். முன்பணமும் வசூலில் பங்கும் கிடைத்தன. எழுதியபடியே படம் எடுக்கப்பட்டு 1933இல் வெளிவந்தது. படப்பிடிப்புத் தளத்திலேயே கிடந்து எல்லாவற்றையும் பார்த்தவருக்கு ஒன்று புரிந்தது: எழுத்தாளர் எவ்வளவு சம்பாதித்தாலும் தளத்தில் ராஜா இயக்குநர்தான்.

அதே ஆண்டு எழுதியதுதான் நம் பிரதி. முதல் பெயர் 'தி வேக்ரன்ட்', அதாவது நாடோடி. ஸ்பென்சர் டிரேஸியை மனத்தில் வைத்து எழுதினார்.

கதை தேர்தல் நாளில் தொடங்குகிறது. இலவச சூப்புக்காக வரிசையில் நிற்கும் மெகின்டி என்ற பராரியிடம், செத்தவர்கள், வர முடியாதவர்கள் பெயரில் ஓட்டுப் போட்டால் ஓட்டுக்கு இரண்டு டாலர் என்கிறார்கள். மற்றவர்கள் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ள, மெகின்டி 37 கள்ள ஓட்டுப் போட்டுவிட்டு ரசீதுகளோடு வந்து 74 டாலர் கேட்கிறான். ஆளைப் பார்க்க வேண்டுமே என்று கட்சித் தலைவரிடம் கூட்டிப்போகிறார்கள். அங்கிருந்து ஏறுமுகம்: மாமூல் வசூல், நகரமன்ற உறுப்பினர், மேயர், கவர்னர். நடுவில் ஊழலை ஒழிக்கப் புதிதாக ஒரு சீர்திருத்தக் கட்சி முளைக்கிறது. விசாரித்தால் அதுவும் அதே தலைவருடையதுதான். பெண்களின் ஓட்டுக்காகப் பேருக்கு ஒரு கல்யாணம். அந்த மனைவியின் பேச்சைக் கேட்டு ஒரே ஒரு நிமிஷம் நேர்மையாக இருக்கப் பார்க்கிறான் மெகின்டி. அதோடு எல்லாம் போச்சு. ஊரைவிட்டு ஓடி, எங்கோ ஒரு தேசத்து மதுக்கடையில் பரிமாறிக்கொண்டு நிற்கிறான். திருடன் திருந்தினால் நன்மை என்ற நீதிக்கதையை அப்படியே தலைகீழாகப் புரட்டிய கதை இது.

பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அரசியலைக் கிண்டலடிக்கும் கதையை வாங்க ஆளில்லை. பிரதி கைமாறிக் கைமாறித் திரும்பி வந்தது. பெயர் மாறியது, 'டவுன் வென்ட் மெகின்டி' என்றும் ஆனது. இதற்கிடையில் ஸ்டர்ஜஸ் எழுதிய 'ஈஸி லிவிங்' (1937) போன்ற படங்களை மிட்செல் லைஸன் இயக்கினார். தன் வசனத்தை இன்னொருவர் கையாள்வதைப் பார்க்கப் பார்க்க, இந்தப் பிரதியைமட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்ற வைராக்கியம் கூடியது.

பாரமவுன்டின் தயாரிப்புத் தலைவர் வில்லியம் லபரன் கடைசியில் சம்மதித்தார். பெரிய நட்சத்திரம் கிடையாது, சின்ன பட்ஜெட். மெகின்டியாக பிரையன் டான்லெவி; கட்சித் தலைவராக அகிம் டமிராஃப். காரியதரிசி தட்டச்சு செய்ய, எல்லாப் பாத்திரமாகவும் தானே நடித்துக்காட்டி வசனம் சொல்வது ஸ்டர்ஜஸின் வழக்கம். தளத்திலும் அந்த நாடகக்காரர்தான் நின்றார்.

'தி கிரேட் மெகின்டி' 1940 ஆகஸ்டில் வெளியானது. மறு ஆண்டு ஆஸ்கரில் அசல் திரைக்கதைக்கென்று முதன்முறையாக ஒரு பரிசு வைத்தார்கள். போட்டியில் சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்' இருந்தது, பென் ஹெக்ட்டின் எழுத்தும் இருந்தது. பரிசை வாங்கியது பத்து டாலர் பிரதி.

அடுத்த நான்கே ஆண்டுகளில் 'தி லேடி ஈவ்', 'சலிவன்ஸ் டிராவல்ஸ்', 'தி பாம் பீச் ஸ்டோரி' என்று அடுக்கினார் ஸ்டர்ஜஸ். 1944இல் வந்த 'தி மிராக்கிள் ஆஃப் மார்கன்ஸ் கிரீக்' படத்தில் மெகின்டியும் அவன் தலைவரும் அதே நடிகர்களோடு தலைகாட்டுகிறார்கள். பிறகு பாரமவுன்டைவிட்டு விலகினார், ஹோவர்ட் ஹ்யூஸோடு கூட்டுச் சேர்ந்தார், அது விளங்கவில்லை. சன்செட் சாலையில் நடத்திய உணவகமும் காசைக் கரைத்தது. 1959இல் நியூயார்க்கின் அல்கான்குவின் ஓட்டலில், சுயசரிதை எழுதிக்கொண்டிருந்தபோது காலமானார்.

ஆனால் அவர் திறந்த கதவு மூடவில்லை. 1941இல் ஜான் ஹூஸ்டன் 'தி மால்டீஸ் ஃபால்கன்' மூலமும், 1942இல் அதே பாரமவுன்டில் பில்லி வைல்டர் 'தி மேஜர் அண்ட் தி மைனர்' மூலமும் எழுத்தாளர் நாற்காலியிலிருந்து இயக்குநர் நாற்காலிக்கு மாறினார்கள். சாப்ளின் தன் படத்தைத் தானே எழுதி இயக்கினார் என்றால் அவருக்குச் சொந்த ஸ்டூடியோ இருந்தது. சம்பளக்கார எழுத்தாளனும் அதைச் செய்யலாம் என்று காட்டியவர் ஸ்டர்ஜஸ். ஆறு வருஷம் விற்காமல் கிடந்த சரக்குக்கு ஹாலிவுட்டில் எந்த எழுத்தாளரும் அதைவிட நல்ல விலை வாங்கியதில்லை.