கல்யாணப் பத்திரிகையும் ராஜினாமாக் கடிதமும்

அலுவலகம் வந்த பெண்கள் – 11

அரசாங்க உத்தரவுகளுக்கென்று ஒரு நடை உண்டு. எதையும் நேராகச் சொல்லாது. ‘பரிசீலிக்கப்படும்’, ‘ஆவன செய்யப்படும்’ என்று வளைந்து வளைந்து போகும். 1951-ல் அன்னா ராஜம் ஜார்ஜ் என்ற இளம்பெண்ணுக்கு வந்த பணி நியமன ஆணையில் ஒரு வரி மட்டும் வளையவே இல்லை. திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

சாதாரண வேலை இல்லை. ஐ.ஏ.எஸ்.! சுதந்திர இந்தியாவில் அந்தப் பணிக்குத் தேர்வான முதல் பெண் அவர். திருவல்லா பக்கம் நிரணத்தில் பிறந்து, கோழிக்கோட்டில் வளர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். நேர்முகத் தேர்வில் ஆர்.என். பானர்ஜி தலைமையில் உட்கார்ந்திருந்த ஐ.சி.எஸ். பெரியவர்கள் அவரை வேறு பக்கம் திருப்பிவிடப் பார்த்தார்கள். பெண்களுக்கு வெளியுறவுப் பணியோ மற்ற மத்தியப் பணிகளோ தோதாக இருக்குமே என்று பரிவோடு சொல்லியிருக்கிறார்கள். அவர் அசையவில்லை. ஐ.ஏ.எஸ்.தான் வேண்டும், அதுவும் சென்னை மாகாணம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது முழுதாக இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அரசு வேலையில் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்று அதன் 16-வது பிரிவு பச்சையாகவே சொல்கிறது. டெல்லியில் ஒரு கட்டடத்தில் அந்தப் பிரிவை எழுதினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் அன்னா ராஜத்தின் நியமன ஆணையைத் தட்டச்சு செய்தார்கள். இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஃபைல் போகவில்லை போலிருக்கிறது.

பயிற்சி முடித்துச் சென்னைக்கு வந்தால் இங்கே முதலமைச்சர் நாற்காலியில் ராஜாஜி. பெண்ணை மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்புவதா என்று அவருக்குத் தயக்கம். தலைமைச் செயலகத்தில் ஒரு மேஜையைக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தார்கள். குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுவதும் ஆண்களோடு சேர்ந்துதானே கற்றுக்கொண்டேன், பிறகு எனக்கு மட்டும் ஏன் மேஜை என்று அன்னா ராஜம் வாதாடினார். கடைசியில் ஓசூர் சப்-கலெக்டர் பதவி கிடைத்தது. ஓசூர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. குதிரையில் ஏறிக் கிராமம் கிராமமாகப் போனார்.

அந்த நாள்களைப் பற்றிப் பின்னாளில் அவர் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெண் கலெக்டர் வந்திருக்கிறாராம் என்று கேள்விப்பட்டு ஒரு கிராமத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். கடைசியில் ஒரு கிழவி, இவளும் நம்மளை மாதிரிதானே இருக்கிறாள் என்கிற மாதிரி சொல்லிவிட்டாராம். அதில் இருந்தது ஏமாற்றமா, ஆறுதலா? கேட்டவருக்கே தெரியவில்லை. நேர்முகத் தேர்வு நடத்திய பெரியவர்களுக்கு அந்தக் கிழவியின் கண் இருந்திருக்கலாம். பிற்பாடு ராஜாஜியே திருச்சிக் கூட்டம் ஒன்றில் முன்னேறிய பெண்களுக்கு உதாரணமாக அன்னா ராஜத்தைக் குறிப்பிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனதை மாற்றிக்கொண்டவர்களுக்கும் வரலாற்றில் இடம் கொடுப்பதுதான் நியாயம்.

சில ஆண்டுகளில் அந்தத் திருமண நிபந்தனை தளர்ந்தது. அன்னா ராஜம் தன்னோடு தேர்வான ஆர்.என். மல்ஹோத்ராவைப் பின்னர் மணந்துகொண்டார். மல்ஹோத்ரா ரிசர்வ் வங்கி கவர்னர் ஆனார். அன்னா மல்ஹோத்ரா பம்பாய்க்கு எதிரே நவா சேவா துறைமுகம் எழுந்தபோது அதன் பொறுப்பில் இருந்தார்.

கல்யாணம் ஆனால் வேலை போகும் என்ற இந்த விதி எங்கிருந்து வந்தது? சொந்தச் சரக்கில்லை, இறக்குமதி. பிரிட்டிஷ் அரசுப் பணியில் பெண் திருமணம் செய்துகொண்டால் விலகிவிட வேண்டும். ஆறு வருஷம் வேலை பார்த்திருந்தால் போகும்போது கையில் ஒரு தொகையும் கொடுப்பார்கள். சீர் கொடுத்து அனுப்புகிறதாம் சர்க்கார்! உள்நாட்டுப் பணிகளில் அவர்கள் இதை 1946-ல் கைவிட்டார்கள். வெளியுறவுப் பணியில் மட்டும் 1970-களின் தொடக்கம் வரை விடவில்லை. அயர்லாந்து 1973-ல்தான் விட்டது. விதியை நமக்குக் கொடுத்தவர்கள் தங்கள் வீட்டில் பாதியைத் தூக்கி எறிந்த பிறகும் நாம் பத்திரமாக எடுத்து வைத்திருந்தோம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. முந்தைய இதழ்களில் பஞ்சாலைப் பெண்களின் கதையைப் பார்த்தோம். 1928-ல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, அந்தச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1929-ல் பம்பாயில் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலும் வந்தது. ஆக, தறி ஓட்டும் பெண் பிள்ளை பெற்றுவிட்டுத் திரும்பி வேலைக்கு வரலாம் என்று சட்டம் எழுதிய நாட்டில்தான், கோப்பில் கையெழுத்துப் போடும் பெண் தாலியே கட்டிக்கொள்ளக் கூடாது என்றும் எழுதினார்கள். ஆலைக்குக் கூலிக் கை வேண்டியிருந்தது, அதனால் தாயைச் சகித்துக்கொண்டது. அதிகாரம் உள்ள நாற்காலிக்கு அந்தத் தேவை இல்லை.

இனி குடகுக்குப் போவோம். விராஜ்பேட்டையில் 1924-ல் பிறந்த சி.பி. முத்தம்மாவுக்கு ஒன்பது வயதில் தகப்பனார் போய்விட்டார். வனத்துறை அதிகாரி. தாயார்தான் நான்கு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். முத்தம்மா சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், பிறகு மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்தார். 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அங்கே அவர்தான் முதல் பெண்.

அன்னா ராஜத்துக்கு நேர்முகத்தில் வெளியுறவுப் பணி பெண்களுக்கு நல்லது என்றார்களே, அதே பணிக்கு வந்த முத்தம்மாவை நேர்முகத்தில் வேண்டாம் என்று தடுக்கப் பார்த்தார்கள். எந்த வாசலில் போய் நின்றாலும் அடுத்த வாசலைக் காட்டுவதுதான் வழக்கமாக இருந்திருக்கிறது. சேரும்போதே கல்யாணம் ஆனால் விலகிவிடுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அப்படி விலகிப்போன பெண்களும் உண்டு. முத்தம்மா கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

அந்த வருஷங்களில் மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் இந்தியத் தூதர் யார் தெரியுமா? விஜயலட்சுமி பண்டிட். மூன்று பெண்களுக்குத் தாய். அவர் அரசியல் நியமனம், தேர்வெழுதி வந்தவர் இல்லை என்பது சரி. ஆனால் 1944-லேயே கணவரை இழந்தவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மூன்று பிள்ளைகளை வளர்ப்பது தூதர் வேலைக்குக் குறுக்கே நிற்காது. ஒரு கணவன் இருந்தால் நின்றுவிடும் என்பதுதான் அந்தக் காலத்துக் கணக்கு.

1961-ல் இதை முறையான விதியாகவே அச்சிட்டார்கள். வெளியுறவுப் பணியில் உள்ள பெண் மணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்க வேண்டும். மணமான பிறகு குடும்பப் பொறுப்புகள் அவருடைய வேலைக்கு இடையூறாகலாம் என்று அரசுக்குத் தோன்றினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். இடையூறு நடந்திருக்க வேண்டும் என்பதில்லை, தோன்றினால் போதும். இன்னொரு விதி, மணமான பெண் இந்தப் பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது. அதே 1961-ன் டிசம்பரில்தான் நாடு முழுமைக்குமான மகப்பேறு நலச் சட்டமும் நிறைவேறியது. ஒரு கை கொடுத்தது, ஒரு கை எடுத்தது.

தனியார் கம்பெனிகளும் சர்க்காரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பம்பாயில் ஒரு மருந்து கம்பெனி. அங்கே வேலை செய்யும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் தானாகவே வேலை போய்விடும் என்று விதி. தொழிற்சங்கம் வழக்குப் போட்டு, 1965-ல் அது உச்ச நீதிமன்றம் வரை வந்தது. பேக்கிங் பிரிவில் குழுவாக வேலை செய்ய வேண்டும், மணமான பெண்கள் அடிக்கடி லீவு போடுவார்கள் என்பது கம்பெனியின் வாதம். மகப்பேறு விடுப்பைத் தவிர வேறென்ன வித்தியாசம் இருக்கிறது, அதைச் சமாளிக்க நாலு பேரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்களேன் என்றது நீதிமன்றம். விதி போனது. பெரிய தத்துவம் எதுவும் பேசாத தீர்ப்பு அது. ஆனால் ஆள் கணக்குப் போட்டுக் காட்டிய அந்த ஒரு வரி பல உபதேசங்களைவிட மேல்.

முத்தம்மா 1970-ல் ஹங்கேரிக்குத் தூதரானார். பணியில் படிப்படியாக உயர்ந்து தூதரான முதல் இந்தியப் பெண். பிறகு கானா. எல்லாம் சரியாகப் போவதுபோலத்தான் இருந்தது. முதல் நிலைக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரத்தில் அவரைத் தாண்டிக்கொண்டு இளையவர்கள் மேலே போனார்கள். தகுதி போதவில்லை என்றார்கள். முப்பது வருஷம் பொறுத்தவர் நேராக உச்ச நீதிமன்றம் போனார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு அவசர அவசரமாக அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. மணமான பெண்ணுக்கு உரிமை இல்லை என்ற விதியை 1973 நவம்பரிலேயே நீக்கிவிட்டோம், அனுமதி வாங்கும் விதியையும் நீக்கப்போகிறோம் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. விதியும் போகிறது, கேட்ட பதவியும் இந்தா, வழக்கை முடித்துக்கொள்ளலாமே என்பதுதான் அதன் பொருள்.

1979 செப்டம்பரில் தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்காரர், சென்னையில் சட்டம் படித்தவர், 1957-ன் கேரள அமைச்சரவையில் இருந்தவர். வழக்கை முடித்துவைத்தார்தான், அதற்கு முன் விதிகளைப் பிரித்து மேய்ந்துவிட்டார். குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்குக் குறுக்கே வரும் என்றால் ஆணின் வேலைக்கும் வரலாமே, அவனுக்கு மட்டும் ஏன் அனுமதி தேவையில்லை என்று கேட்டார். சுதந்திரம் எல்லோருக்கும் வந்துவிட்டதா என்கிற கோபம் அந்தத் தீர்ப்பு முழுக்க இருக்கிறது. ஆனால் எல்லா வேலையிலும் எல்லா நிலைமையிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று தாம் சூத்திரம் வகுக்கவில்லை என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தார். அந்த வாசல் வழியே யார் யார் உள்ளே வந்தார்கள் என்பதை இனிவரும் வாரங்களில் பார்ப்போம்.

தீர்ப்பின் கடைசிப் பகுதியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது, ஆனால் சில மாதங்கள் தாமதமாக. அந்தச் சில மாதங்களில் அவரைவிட இளையவர்கள் பட்டியலில் மேலே போய்விட்டார்கள். அரசு வேலை பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீனியாரிட்டியில் ஒரு நாள் பிந்தினால் ஓய்வு பெறுகிறவரை பிந்தியதுதான். அந்த மூப்பை நியாய உணர்வோடு மறுபடி பாருங்கள் என்று அரசுக்குச் சொல்லி முடித்தது நீதிமன்றம்.

முத்தம்மா ஹேக் நகரில் தூதராக இருந்து, பிறகு ஓய்வு பெற்றார். குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கும் என்று சொல்லப்பட்ட அவர் பின்னாளில் குடகுச் சமையல் பற்றி ஒரு புத்தகம் போட்டார். 2009-ல் காலமானார்.

கிருஷ்ணய்யர் கேட்ட கேள்விக்கு, அதாவது ஆணுக்கும் வீடு உண்டே என்றதற்கு, விடுப்பு விதிகள் பதில் சொல்லியிருக்கின்றன. 2008-லிருந்து மத்திய அரசுப் பெண் ஊழியருக்குக் குழந்தை வளர்ப்பு விடுப்பு பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். தகப்பனாருக்குக் குழந்தை பிறக்கும்போது 15 நாள். மனைவி இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆணுக்குப் பிற்பாடு அந்த 730-ல் இடம் கொடுத்தார்கள். மனைவி இருந்தால் கிடையாது. நல்லெண்ணத்தில் வந்த விடுப்புதான், லட்சக்கணக்கான பெண்களுக்கு உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் வீடு யாருடைய வேலை என்பதில் 1961-ன் விதிக்கும் இதற்கும் பெரிய கருத்து வேறுபாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நண்பர் ஒருவரின் மகளிடம் சென்ற ஆண்டு நேர்முகத் தேர்வில் கல்யாணம் எப்போது என்று கேட்டிருக்கிறார்கள். கூட நின்ற பையனிடம் கேட்கவில்லை.

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2011-ல் ஆறு மாதமாயிற்று, 2016-ல் ஒன்பது மாதம், 2021 ஜூலையிலிருந்து ஒரு வருஷம். தாராளம்தான். ஆனால் உள்ளே ஒரு சிக்கல் உட்கார்ந்திருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தகுதிகாண் பருவம் உண்டு. பெரும்பாலான பெண்கள் கல்யாணம், குழந்தை என்று போவதும் அதே வயதில்தான். விடுப்பில் போன காலம் தகுதிகாண் பருவத்தில் சேராமல் இருந்தது. ஆகவே அவர் அந்தப் பருவத்தை முடிப்பது தள்ளிப்போயிற்று. உடன் சேர்ந்த ஆண் முந்திக்கொண்டார். பிள்ளை பெற்றதற்காக யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை, பட்டியலில் சில இடங்கள் கீழே தள்ளினார்கள். முத்தம்மாவுக்கு நடந்ததும் அதுதானே?

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் 110-வது விதியின் கீழ் படித்த அறிவிப்புகளில் ஒன்று இதைப் பற்றியது. மகப்பேறு விடுப்புக் காலமும் தகுதிகாண் பருவத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்றார். அன்று நாளிதழ்களில் அகவிலைப்படிதான் பெரிய எழுத்தில் வந்தது. இது கீழே எங்கோ ஒரு வரியாக வந்தது.

முத்தம்மா தீர்ப்பு வந்த இரண்டாவது வருஷம் இன்னொரு வழக்கு. வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் ஆனால் வேலை போகும், முதல் கர்ப்பம் தரித்தால் வேலை போகும், இரண்டும் இல்லாவிட்டாலும் 35 வயதில் வேலை போகும் என்றிருந்த ஏர் இந்தியா பணிப்பெண்கள் நீதிமன்றப் படியேறினார்கள். அவர்கள் கேட்டதில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)